கேசினோ வரவும் வரியும்: அமெரிக்காவில் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறேன். வரி தாக்கல் காலம் வந்தால் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று பலர் காகிதங்களோடு வீட்டுக்கு வருவார்கள். கேசினோக்கள் நிறைந்த அட்லாண்டிக் சிட்டி இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் தூரம் என்பதால் கேசினோக் கணக்கும் அதில் தவறாமல் இருக்கும். ஒரே சந்தேகங்களுக்குப் பல வருடமாக வாயால் பதில் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. பதில்கள் அமெரிக்கக் கூட்டாட்சி வருமான வரியைப் பற்றியவை. மாநில வரி, இந்திய வரி வரும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன். பெரிய தொகை என்றால் உங்கள் ஆடிட்டரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சும்மா பொழுதுபோக்குக்குத்தான் ஆடினேன். ஜெயிச்ச காசுக்கு வரி உண்டா?

உண்டு. ஸ்லாட், பிளாக்ஜாக், ரூலெட், போக்கர், கீனோ, லாட்டரி என்று எதில் ஜெயித்தாலும் அது வருமானம்தான். இத்தனை டாலர் வரை விலக்கு என்று எதுவும் கிடையாது. காசாக இல்லாமல் காராகக் கிடைத்தால் அதன் சந்தை விலை வருமானம். வருமான வரித் தாக்கல் படிவம் 1040 உடன் போகும் ஷெட்யூல் 1ல் இதைக் காட்ட வேண்டும்.

டபிள்யூ-2ஜி வரலைன்னா காட்ட வேண்டாம்தானே?

காட்ட வேண்டும். அதிகமாகத் தவறு நடக்கும் இடம் இது. டபிள்யூ-2ஜி என்பது நீங்கள் ஜெயித்ததைப் பற்றிக் கேசினோ உங்களுக்கும் ஐஆர்எஸ்ஸுக்கும் (அமெரிக்க வருமான வரித் துறை) தரும் தகவல் படிவம் மட்டுமே. அது வந்தாலும் வராவிட்டாலும் வரி ஒன்றுதான்.

ஸ்லாட்டில் ஒரே அடியில் 1,200 டாலரோ அதற்கு மேலோ விழுந்தால் அந்தப் படிவம் வரும் என்பது 1977ல் வைத்த வரம்பு. மெஷின் அப்படியே நின்றுவிடும், விளக்கு சுழலும், ஊழியர் வந்து அடையாள அட்டையும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் கேட்பார். ஏறக்குறைய ஐம்பது வருடம் அசையாமல் இருந்த அந்த வரம்பு 2026ல் 2,000 டாலர் ஆகியிருக்கிறது. "இனிமே 2,000 வரைக்கும் வரி இல்ல" என்று சிலர் சந்தோஷப்பட்டார்கள். படிவம் கொடுக்கும் வரம்புதான் உயர்ந்தது, வரி அப்படியே இருக்கிறது. பிளாக்ஜாக், ரூலெட், கிராப்ஸ் போன்ற மேசை ஆட்டங்களில் வழக்கமான ஜெயிப்புக்கு இந்தப் படிவமே வராது. அங்கே உங்கள் கையெழுத்தில் இருக்கும் கணக்குதான் ஒரே கணக்கு.

கேசினோவே வரி பிடிச்சுக்கிட்டுத்தானே காசு குடுத்திருப்பாங்க?

ஸ்லாட்டில் பொதுவாகப் பிடிக்க மாட்டார்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் கொடுக்காவிட்டால் 24 சதவீதம் பிடிப்பார்கள். லாட்டரி மாதிரி சிலவற்றில் 5,000 டாலருக்கு மேல் போனால் அதே 24 சதவீதம். பிடித்திருந்தால் டபிள்யூ-2ஜியில் அதற்கென்று உள்ள கட்டத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் ஏப்ரலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஜாக்பாட் அடித்த அன்றே ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுவது நல்லது.

தோத்ததைக் கழிச்சுக்கலாம்னு சொல்றாங்களே?

கழிக்கலாம், ஆனால் நினைப்பது போல நேராக இல்லை. ஜெயித்தது முழுவதும் ஒரு இடத்தில் வருமானமாக ஏறும். தோற்றது ஷெட்யூல் ஏ என்ற வேறு தாளில் கழிவாக இறங்கும். அதுவும் ஜெயித்த தொகை வரைக்கும்தான். மீதி நஷ்டத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஷெட்யூல் ஏ போட்டால், கணக்குக் காட்டாமலே கிடைக்கும் நிலையான கழிவான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனை விட்டுவிட வேண்டும்.

ஒரு கணக்குப் பாருங்கள். கணவன் மனைவி சேர்ந்து 2025க்குத் தாக்கல் செய்கிறார்கள், ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 31,500 டாலர். வருடத்தில் ஜெயித்தது 18,000, தோற்றது 22,000. வீட்டுக் கடன் வட்டி, சொத்து வரி எல்லாம் சேர்த்து மற்ற கழிவுகள் 20,000. ஷெட்யூல் ஏ போட்டால் 20,000 உடன் 18,000 சேர்ந்து 38,000. ஸ்டாண்டர்டைவிட அது 6,500தான் அதிகம். ஆக 18,000 வருமானமாக ஏறியது, பயன் கிடைத்தது 6,500க்கு. மொத்தத்தில் 4,000 டாலர் கையை விட்டுப் போன குடும்பம், ஜெயித்த கணக்கில் 11,500க்கு வரி கட்டுகிறது. வாடகை வீட்டில் இருந்து மற்ற கழிவுகள் ஒன்றுமே இல்லாதவர்களாக இருந்தால் 18,000க்கும் வரிதான். இந்தக் கணக்கைக் கேட்டு முகம் மாறாதவரை நான் பார்த்ததில்லை.

2026லருந்து ஏதோ 90 சதவீதம்னு பேசிக்கிறாங்க, அது என்ன?

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்தில் வந்தது. 2026 முதல், தோற்றதில் 90 சதவீதத்தைத்தான் கழிக்கலாம். ஜெயித்த தொகைக்கு மேல் போகக்கூடாது என்ற பழைய விதியும் இருக்கிறது. 20,000 ஜெயித்து 20,000 தோற்றவருக்குக் கழிவு 18,000. கையில் ஒரு காசு நிற்காவிட்டாலும் 2,000 டாலர் வருமானமாகப் பார்க்கப்படும். முந்தைய கேள்வியில் சொன்ன ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் சிக்கல் இதற்கு மேல் தனி.

எனவே இனிமேல் கணக்கு எழுதுவதில் இன்னும் கவனம் வேண்டும். ஏன் என்பது கீழே 'உட்கார்வு' பற்றிய கேள்வியில் புரியும்.

சரி, நோட்டுல என்னென்ன எழுதணும்?

ஐஆர்எஸ் கேட்பது ஒரு நாட்குறிப்பு. தேதி, எந்த ஆட்டம், எந்தக் கேசினோ, அது எங்கே இருக்கிறது, கூட யார் இருந்தார்கள், எவ்வளவு ஜெயித்தது அல்லது தோற்றது. ஸ்லாட் என்றால் மெஷின் எண்ணும் ஆடிய நேரமும். மேசை என்றால் மேசை எண்ணும், கேசினோவிடம் கடன் வாங்கி ஆடினால் அது மேசையில் வாங்கியதா கேஷியர் கூண்டில் வாங்கியதா என்பதும். கூட வந்தவர் பெயர் எதற்கு என்று கேட்பார்கள். நாளைக்குச் சந்தேகம் வந்தால் "ஆமாம், அன்றைக்கு நானும் இருந்தேன்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதற்குத்தான்.

என் நண்பர் ஒருவர் சட்டைப் பையில் அடங்கும் சிறு குறிப்பேடு வைத்திருக்கிறார். அதில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "2025 மார்ச் 8, சனி. அட்லாண்டிக் சிட்டி. மாலை 6:10 முதல் 8:45 வரை. ஸ்லாட், மெஷின் எண் 4127, பிறகு 4130. உள்ளே போட்டது 300. வெளியே எடுத்தது 85. நஷ்டம் 215. கூட: மனைவி, மச்சான்." அடுத்த பக்கத்தில் கேஷ்-அவுட் சீட்டின் படம் எடுத்த நேரம். அவ்வளவுதான். காரில் ஏறி உட்கார்ந்ததும், சாவியைப் போடுவதற்கு முன்னால் எழுதிவிடுவார். ஜெயித்த நாளும் இருக்கும், தோற்ற நாளும் இருக்கும், பேனா மையும் மாறி மாறி இருக்கும். பார்த்தவுடன் அன்றன்றைக்கு எழுதியது என்று தெரியும். இதைவிட நல்ல ஆவணம் எதையும் நான் கண்டதில்லை.

கைபேசியில் எழுதினாலும் சரி. ஆனால் சீட்டுகளைப் படம் எடுத்து வையுங்கள். மெஷினிலிருந்து வரும் சீட்டும் ஏடிஎம் ரசீதும் சூட்டில் அச்சாகும் காகிதம். வெயிலில் காரில் கிடந்தால் சில மாதத்தில் வெறும் வெள்ளைத் தாள் ஆகிவிடும்.

பிளேயர்ஸ் கார்டு இருக்கே. வருஷக் கடைசியில கேசினோவே கணக்குத் தருது, அப்புறம் நோட்டு எதுக்கு?

பிளேயர்ஸ் கார்டு என்ற உறுப்பினர் அட்டையில் பதிவானதை வைத்துக் கேசினோ தரும் அந்த வருடாந்திர வெற்றி-தோல்விக் கணக்கு உதவியான காகிதம்தான், கட்டாயம் வாங்கி வையுங்கள். ஆனால் அதையே முழு ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று பல அறிக்கைகளில் கேசினோவே கீழே அச்சிட்டிருக்கும். கார்டைச் செருகாமல் ஆடியது அதில் வராது. உங்கள் கார்டில் மனைவி ஆடியது உங்கள் கணக்கில் போய்விடும். மேசை ஆட்டத்தில் மேற்பார்வையாளர் பார்த்துக் குறிக்கும் உத்தேசத் தொகைதான் ஏறும். எல்லாவற்றுக்கும் மேல், பல அறிக்கைகளில் வருடம் முழுவதற்கும் நிகரமாக ஒரே எண் இருக்கும். வரிக்கு வேண்டியது ஜெயித்தது தனி, தோற்றது தனி.

நோட்டும் கேசினோக் கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றால் பலம். இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்க முடியும் என்றால் நோட்டை வைத்திருங்கள்.

ஜாக்பாட் 1,800 அடிச்சுது. அன்னிக்கு ராத்திரியே திரும்ப விட்டுட்டேன். 1,800க்கும் வரியா?

ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்துவதையும் தனித்தனி வெற்றி, தோல்வி என்று எழுத யாராலும் முடியாது. அதனால் ஒரே இடத்தில், ஒரே வகை ஆட்டத்தில், தொடர்ச்சியாக உட்கார்ந்து ஆடியதை ஒரு 'உட்கார்வு' என்று எடுத்து, எழுந்து வரும்போது நிகரமாக என்ன என்று பார்க்கலாம். ஐஆர்எஸ்ஸின் சட்ட அலுவலகம் 2008ல் எழுதிய குறிப்பு ஸ்லாட்டுக்கு இந்த அணுகுமுறையை ஏற்கிறது. 2015ல் ஒரு நாள் முழுவதையும் ஒரு கேசினோவுக்குள் ஒரே உட்கார்வாகக் கொள்ளும் முறையை முன்வைத்தார்கள், ஆனால் அது இறுதி விதியாக வரவில்லை.

நீங்கள் 300 போட்டு, நடுவில் 1,800 அடித்து, தொடர்ந்து ஆடி, கடைசியில் 100 டாலரோடு எழுந்தீர்கள் என்றால் அந்த உட்கார்வில் 200 நஷ்டம். வருமானம் எதுவும் ஏறாது. அந்த 1,800ஐ வருமானமாக ஏற்றி, தோற்றதை ஷெட்யூல் ஏயில் போட்டால் முன்பு சொன்ன இரண்டு சிக்கலிலும் மாட்டுவீர்கள். 90 சதவீத விதி வந்த பிறகு இந்த வித்தியாசத்தின் மதிப்பு இன்னும் கூடிவிட்டது.

ஆனால் இரண்டு விஷயம். 2025ல் நடந்தது என்றால் அந்த 1,800க்கு டபிள்யூ-2ஜி ஐஆர்எஸ்ஸிடம் போயிருக்கும். உங்கள் தாக்கலில் அது காணவில்லை என்றால் சிபி2000 என்ற கடிதம் வரும். எனவே படிவத் தொகைக்கும் நீங்கள் காட்டும் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கித் தாக்கலோடு ஒரு தாள் இணைக்கச் சொல்லுங்கள். அடுத்தது, எப்போது உட்கார்ந்தோம், எப்போது எழுந்தோம் என்ற நேரம் நோட்டில் இல்லாவிட்டால் இந்த வாதம் நிற்காது. வருடம் முழுவதையும் ஒரே உட்கார்வாக்கி நிகரம் காட்டுவதை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை.

நோட்டெல்லாம் எழுதல. ஏடிஎம் ரசீது ஒரு பெட்டி நிறைய இருக்கு, போதுமா?

ஒரு பெரியவர் செருப்புப் பெட்டியை எங்கள் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். கேசினோ ஏடிஎம் ரசீதுகள், பாதி மங்கியவை. கூடவே பதினோரு டபிள்யூ-2ஜி. அவர் தோற்றிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ரசீது சொல்வது பணத்தை எடுத்தார் என்பதை மட்டும்தான். அதில் எவ்வளவு மெஷினுக்குள் போனது, எவ்வளவு சாப்பாட்டுக்கு, எவ்வளவு திரும்ப வீட்டுக்கு வந்தது என்று அது சொல்லாது.

இப்படிப்பட்ட நிலையில் செய்யக்கூடியது, போன ஒவ்வொரு கேசினோவிடமும் கணக்கு கேட்டு வாங்குவது. வருடச் சுருக்கம் மட்டும் போதாது, நாள்வாரியான விவரம் இருந்தால் கேளுங்கள். அதை வங்கிக் கணக்கு, ஹோட்டல் ரசீது, சுங்கச்சாவடி ஈஸி-பாஸ் பதிவு இவற்றோடு தேதி தேதியாகப் பொருத்தி ஒரு அட்டவணை தயார் செய்யலாம். பின்னால் தயாரித்தது என்பதை அதிலேயே நேர்மையாக எழுதுங்கள். 1930ல் கோஹன் என்ற மேடைக் கலைஞரின் வழக்கில், ஆதாரம் குறைவாக இருந்தாலும் செலவு நடந்தது உறுதி என்றால் நியாயமான மதிப்பீடு செய்யலாம் என்று தீர்ப்பு வந்தது. சூதாட்ட நஷ்டத்துக்குச் சில வழக்குகளில் அதை ஒட்டிக் கொஞ்சம் அனுமதித்திருக்கிறார்கள், பல வழக்குகளில் மறுத்திருக்கிறார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். அந்தப் பெரியவரோடு உட்கார்ந்து மூன்று வார இறுதிகள் செலவழித்தும் பாதிக்கு மேல் எங்களால் நிரூபிக்க முடியவில்லை.

தரையில கிடக்கிற தோத்த டிக்கெட்டையெல்லாம் சேர்த்துக் காட்டினா என்ன?

வேண்டவே வேண்டாம். குதிரைப் பந்தயத்தில் ஆரம்பித்த பழைய தந்திரம் இது, தணிக்கை செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் வாங்கிய டிக்கெட் ஒன்று இருந்தால் போதும், உண்மையான நஷ்டமும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும். கணக்குத் தவறுக்கு 20 சதவீத அபராதம், தெரிந்தே செய்த மோசடி என்றால் 75 சதவீதம்.

நான் ஜெயிச்சேன், வீட்டுக்காரர் தோத்தார். சேர்த்துக் காட்டலாமா?

கூட்டாகத் தாக்கல் செய்தால் இருவர் வெற்றியும் ஒரு பக்கம், இருவர் தோல்வியும் ஒரு பக்கம் சேரும். நோட்டு மட்டும் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டும் அப்படியே.

நாலு பேர் காசு போட்டு ஆடினோம், படிவம் என் பேர்ல மட்டும் வந்திருக்கு.

ஜாக்பாட் அடிக்கும் அந்த நிமிடத்திலேயே கேசினோவிடம் படிவம் 5754 கேளுங்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதில் எழுதிக் கொடுத்தால் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி டபிள்யூ-2ஜி போடுவார்கள். காசு போடும்போதே பங்கை ஒரு குழுச் செய்தியில் எழுதிவிட்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை.

ஊர்லருந்து வந்த அம்மாவுக்கு ஸ்லாட்ல அடிச்சுது, 30 சதவீதம் பிடிச்சுட்டாங்க. திரும்ப வாங்க முடியுமா?

சுற்றுலா விசாவில் சில மாதம் வந்தவர்கள் வரிச் சட்டப்படி பொதுவாக வெளிநாட்டு வாசிகள். அவர்களுக்கு ஸ்லாட் ஜெயிப்பில் நேராக 30 சதவீதம் பிடித்து, 1042-எஸ் என்ற படிவம் கொடுப்பார்கள். அவர்களால் நஷ்டத்தைக் கழிக்க முடியாது. சில நாடுகளுக்கு ஒப்பந்தத்தில் சலுகை உண்டு, இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. எனவே திரும்ப வராது. ஆனால் அந்தப் படிவத்தைப் பத்திரமாக வையுங்கள். இந்தியாவில் வரி வாசியாக இருந்தால் வெளிநாட்டு ஜெயிப்பையும் அங்கே காட்ட வேண்டும், அப்போது இங்கே கட்டியதற்கு வரவு கேட்க அது தேவைப்படும்.

ஒரு வியப்பான விஷயம், பிளாக்ஜாக், பக்கரா, கிராப்ஸ், ரூலெட், பிக்-6 சக்கரம் இவற்றில் வெளிநாட்டு வாசி ஜெயித்தால் அமெரிக்கா வரியே கேட்பதில்லை. எஃப்-1 மாணவர்களும் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் வருடம் வெளிநாட்டு வாசிகள்தான், ஆகவே அவர்களுக்கும் இதே விதி. எச்-1பியில் வருடம் முழுக்க இங்கே இருப்பவர்கள் உள்நாட்டு வாசிகள். அவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும்.

அப்ப அம்மாவுக்கு அடிச்சதை என் பேர்ல வாங்கிக்கலாமா? எனக்குப் பிடிக்க மாட்டாங்களே.

கூடாது. ஆடியவர் யார் என்று மேலே கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது, படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். ஆயிரம் டாலருக்காகப் பொய் உறுதிமொழியும், விசாவில் இருப்பவருக்கு அதனால் வரும் தொல்லையும் வேண்டாம்.

நியூ ஜெர்சி வரியில எப்படி?

இங்கே கொஞ்சம் நிம்மதி. நியூ ஜெர்சியில் அதே வருட நஷ்டத்தைக் கழித்து நிகர ஜெயிப்பைக் காட்டினால் போதும், ஷெட்யூல் ஏ தொல்லை கிடையாது. கழித்த நஷ்டத்துக்கு ஆதாரம் கேட்பார்கள், அதற்கும் அதே நோட்டுதான். கனெக்டிகட் போல மாநில வரியில் நஷ்டத்தைக் கழிக்க இடம் தராத மாநிலங்களும் உண்டு. நெவாடாவில் தனிநபர் வருமான வரியே இல்லை, ஆனால் லாஸ் வேகாஸில் ஜெயித்ததை நியூ ஜெர்சி வாசி நியூ ஜெர்சியில் காட்டத்தான் வேண்டும்.

அப்பாவுக்கு மெடிகேர் இருக்கு. ஜெயிப்பும் தோல்வியும் சமம்தான், ஏன் பிரீமியம் ஏறிச்சு?

மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம் ஷெட்யூல் ஏ கழிவுகளுக்கு முந்தைய வருமானத்தைப் பார்க்கிறது. ஜெயித்தது அதில் முழுதாக ஏறிவிடும், தோற்றது கீழே கழிந்தாலும் அந்த எண் குறையாது. இரண்டு வருடம் கழித்துத்தான் பிரீமியத்தில் தெரியும் என்பதால் பலருக்குக் காரணமே புரிவதில்லை. மார்க்கெட்பிளேஸ் மருத்துவக் காப்பீட்டுக்கு அரசு தரும் மானியத்துக்கும், சோஷியல் செக்யூரிட்டி தொகையில் எவ்வளவுக்கு வரி என்பதற்கும் இதே கதை. இவர்களுக்கு உட்கார்வுக் கணக்குச் சரியாக எழுதுவது மற்றவர்களைவிட முக்கியம்.

தொழில்முறை ஆட்டக்காரன்னு போட்டுக்கிட்டா எல்லாத்தையும் கழிக்கலாமாமே?

1987ல் உச்ச நீதிமன்றம் குரோட்ஸிங்கர் வழக்கில் அதை ஏற்றது. அவர் வேறு வேலை இல்லாமல் வாரம் 60 முதல் 80 மணி நேரம் நாய்ப் பந்தயத்திலேயே செலவிட்டவர். திங்கள் முதல் வெள்ளி ஐடி வேலை, சனிக்கிழமை கேசினோ என்று இருப்பவருக்கு இது பொருந்தாது. உண்மையிலேயே தொழிலாக ஆடுபவர்களுக்கும் 90 சதவீத விதி உண்டு, சுயதொழில் வரி தனி.

எத்தனை வருஷம் வெச்சிருக்கணும்?

தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று வருடம். காட்டாமல் விட்ட வருமானம் காட்டியதில் கால் பங்கைத் தாண்டினால் ஐஆர்எஸ் ஆறு வருடம் வரை திரும்பிப் பார்க்கலாம். ஏழு வருடம் வையுங்கள் என்பேன்.

எழுதி வெச்சா வீட்ல பாத்துடுவாங்க. அதான் எழுதல.

இதைத் தாழ்ந்த குரலில், மற்றவர்கள் எழுந்து போன பிறகு கேட்பார்கள். ஒருமுறை அல்ல, பலமுறை கேட்டிருக்கிறேன்.

வரிப்படி ஒன்று சொல்ல வேண்டும். கூட்டுத் தாக்கலில் இருவரும் கையெழுத்துப் போடுகிறீர்கள், பாக்கி வந்தால் முழுத் தொகைக்கும் இருவருமே பொறுப்பு. விவரம் தெரியாத துணைக்கு விலக்குக் கேட்க வழி உண்டு, ஆனால் அது அவரே போராடி வாங்க வேண்டியது. டபிள்யூ-2ஜியோ சிபி2000 கடிதமோ வீட்டு முகவரிக்குத்தான் வரும். தபால் பெட்டியைத் திறந்து அவர்கள் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லவே முடியாத அளவுக்குத் தொகை போய்விட்டது என்றால், 1-800-கேம்ப்ளர் (1-800-GAMBLER) என்ற சூதாட்ட உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, யார் என்று சொல்ல வேண்டியதும் இல்லை. அதற்கப்புறம் இந்த வருடக் காகிதங்களை எடுத்துக்கொண்டு வாருங்கள், கணக்கைச் சேர்ந்து பார்ப்போம்.